மாட் என்பதற்கு ‘மேலொட்டு’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி ஆட்டத்தோடு ஆடுபவர்களே செய்து சேர்க்கிற ‘மாட்’ (mod) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்கும் இந்த இழையைப் போன வாரம் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தேன். ‘மாற்றமைவு’, ‘திருத்தாக்கம்’, ‘நீட்சி’, ‘செருகுநிரல்’ என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. ‘மாட் என்றே எழுதிவிட்டுப் போகலாமே’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு இந்தச் சொல் உடனே தேவைப்படுகிறது. கணினியில் வேடமேற்பு ஆட்டம் ஆடும் பிள்ளைகளுக்காக, ஸ்கைரிம் என்ற ஆட்டத்தில் மாட் போடுவது எப்படி என்று தமிழில் ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது. இந்த ஒரு சொல்தான் காரணம்.

‘மாட்’ ஏன் உதவாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலூர்ப் பக்கம் பேச்சில் எல்லாரும் ‘மோடு’ என்கிறார்கள். ஆட்டத்தின் எளிய முறை, கடின முறை என்பதற்கும் அதே ‘மோடு’தான். ‘கஷ்டமான மோடு வேணும்னா இந்த மோடைப் போடு’ என்று வாயால் சொன்னால் புரிந்துவிடும், எழுத்தில் புரியாது. சரி, ஒலிப்புக்கு நெருக்கமாக ‘மாட்’ என்றே எழுதினால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் வேறு தொல்லை. ‘மாட்டை நீக்கு’, ‘மாட்டில் பிழை’, ‘இரண்டு மாட்டுக்கும் மோதல்’. உருபு ஏற்றதும் முகம் மாறிவிடுகிற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நூலை எழுத முடியாது.

அடுத்து, ‘மாற்று’, ‘திருத்து’ என்ற வேர்களிலிருந்து வந்த சொற்கள். இவை நல்ல தமிழ்தான், ஆனால் நடப்பதைத் தப்பாகச் சொல்கின்றன. ஸ்கைரிமின் மூலக் கோப்பில் ஒவ்வொரு வாளுக்கும் ஆளுக்கும் கதவுக்கும் ஓர் எண்ணோடு ஒரு பதிவு இருக்கிறது. மாட் செய்பவர் அந்தக் கோப்பைத் திறந்து எழுதுவதில்லை. தனியாக ஒரு சிறு கோப்பு செய்து, ‘இந்த எண்ணுள்ள வாளின் எடை இனி இவ்வளவு’ என்று அதில் மட்டும் எழுதுகிறார். ஆட்டம் தொடங்கும்போது மூலக் கோப்பு முதலில் ஏறுகிறது, பிறகு மற்றவை ஒவ்வொன்றாக ஏறுகின்றன. ஒரே வாளைப் பற்றி இரண்டு கோப்புகள் பேசினால் கடைசியாக ஏறியது சொல்வதே செல்லும். அதை எடுத்துவிட்டால் பழைய வாள் பழைய எடையோடு அப்படியே இருக்கும். மூலத்தில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதன்முதலில் மாட் போட வருகிற பிள்ளை கேட்கிற முதல் கேள்வியே, ‘போட்டா கேம் கெட்டுப்போயிடுமா அண்ணா?’ என்பதுதான். ‘மாற்றமைவு’ என்ற சொல் அந்தப் பயத்தை உறுதிப்படுத்துகிறது. அதைப் போக்குகிற சொல் நமக்கு வேண்டும்.

‘நீட்சி’யை உலாவிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘செருகுநிரல்’ இந்தத் துறைக்குள்ளேயே வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. நான் மேலே சொன்ன சிறு கோப்பு இருக்கிறதே, ஈஎஸ்பி கோப்பு, அதுதான் செருகுநிரல். கற்சுவரின் தோற்றத்தை மட்டும் கூர்மையாக்குகிற மாட்டில் செருகுநிரலே இல்லாமல் வெறும் படக்கோப்புகள் இருக்கலாம். பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

இனி என் முன்மொழிவு. அது வந்த வழியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. அதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கானது. பண்ருட்டிப் பக்கம் மாமா வீட்டு முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்தது, தாத்தா காலத்துப் பலா மரங்களும் போய்விட்டன. மாமா ஒரு வாரம் தோப்புப் பக்கமே போகவில்லை. மறுபடி நடுவதென்று முடிவு செய்தபோது, கொட்டை போட்டு வளர்த்தால் காய்ப்புக்கு வருடங்கள் ஆகும் என்பதால் ஒட்டுக்கன்று வாங்கலாம் என்றார். என்னையும் நாற்றங்காலுக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒட்டுக் கட்டுகிற அக்கா ஒருவர் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பையில் வளர்ந்த இளங்கன்றின் தலையை ஒரே வெட்டில் எடுத்தார். மிச்சத் தண்டின் நடுவே கத்தியை இறக்கிப் பிளந்தார். நல்ல காய்ப்புள்ள தாய்மரத்துக் குச்சி ஒன்றை எடுத்து, அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, அந்தப் பிளவுக்குள் சொருகினார். பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றினார், மேலே ஒரு பாலித்தீன் உறையைக் கவிழ்த்தார். ‘பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது சேரணும் தம்பி. சேரலைன்னா குச்சி காஞ்சிடும்’ என்றார். கீழே இருப்பது ஏதோ ஒரு கொட்டையில் முளைத்த கன்று. மேலே இருப்பது விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 என்ற முந்திரி வகை. கீழே இருப்பது தண்ணீர் இழுக்கும், மேலே இருப்பது தன் காயைத்தான் காய்க்கும்.

ஆட்டத்துக்கு மாட் போடத் தொடங்கியபோது எனக்கு இந்தக் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. வேர் ஒருவருடையது, கிளை இன்னொருவருடையது. வேர் இல்லாமல் கிளை வாழாது. சுரே ஏஐ என்ற ஜெர்மன் குழு 2016இல் வெளியிட்ட எண்டெரலைப் பாருங்கள். உலகம் வேறு, கதை வேறு, மனிதர்கள் வேறு, ஆனால் உங்களிடம் ஸ்கைரிம் இல்லாவிட்டால் அது ஓடாது. அதே குழு 2010இல் செய்த நெஹ்ரிம், ஸ்கைரிமுக்கு முந்தைய ஆட்டமான ஆப்லிவியன் என்ற வேரில் நிற்கிறது. அதே வரிசையில் 2002இல் வந்த மாரோவிண்ட் ஆட்டத்தோடு உலகத்தைக் கட்டும் கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். கன்றோடு கத்தியையும் நாடாவையும் கொடுத்த மாதிரி.

ஆகவே ‘ஒட்டு’. ஒட்டுமாங்காய் தின்னாத பிள்ளை இந்த மாவட்டத்தில் இல்லை. ஆனால் ‘ஒட்டு’ என்று மட்டும் வைத்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. வெட்டு, ஒட்டு என்று எல்லா மென்பொருளிலும் ஒரு கட்டளை இருக்கிறது. மென்பொருளின் கிழிசலை அடைக்கிற சிறு திருத்தத்தையும் சிலர் ‘ஒட்டு’ என்று எழுதுகிறார்கள். அதனால் ‘மேலொட்டு’ என்கிறேன். முன்னொட்டு, பின்னொட்டு என்று இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. உருபு ஏற்றாலும் குழப்பமில்லை: மேலொட்டை நீக்கு, மேலொட்டில் பிழை, மேலொட்டுகள்.

இதிலிருந்து கிளைக்கிற சொற்களையும் யோசித்தேன். தனிச்சொல் ஒன்றை வைத்துவிட்டுப் போனால் போதாது, அதற்கு வினை வேண்டும், ஆள் வேண்டும். வினை நாற்றங்காலிலேயே இருக்கிறது: மேலொட்டுக் கட்டுவது. ஆளுக்கு ‘ஒட்டர்’ என்று வைக்கக் கூடாது, அது ஒரு சமூகத்தின் பெயர். ‘ஒட்டுநர்’ என்றால் கண் அதை ஓட்டுநர் என்று படிக்கிறது. ‘மேலொட்டாளர்’ சரியாக வருகிறது. எது முதலில் ஏறுகிறது, எது பிறகு என்ற ஒழுங்கை ‘ஏற்றவரிசை’ என்று இங்கே ஒருவர் எழுதினார். பள்ளிக் கணக்கில் ஏற்றவரிசை என்றால் சிறியதிலிருந்து பெரியது. அதனால் ‘அடுக்கு’ போதும் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘இடையொட்டு’. ஒருமுறை ஸ்கைரிமில் வரும் ரிவர்வுட் என்ற ஊரை அழகாக்குகிற மேலொட்டு ஒன்றையும், காட்டை அடர்த்தியாக்குகிற மேலொட்டு ஒன்றையும் சேர்த்துப் போட்டேன். கொல்லன் பட்டறையின் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு தேவதாரு நின்றது. கொல்லன் மரத்துக்குள் பாதி உடம்போடு நின்றபடி சுத்தியலை அடித்துக்கொண்டிருந்தான். அடுக்கை முன்பின்னாக மாற்றினேன். மரம் போயிற்று, கூடவே புதிதாக வந்த வீடும் போயிற்று. இரண்டையும் இசைய வைக்க மூன்றாவதாக ஒரு சிறு கோப்பு தேவைப்பட்டது. தோட்டக்கலையில் இதே வேலைக்கு ஒரு முறை உண்டு. வேர்ச்செடியும் குச்சியும் ஒன்றையொன்று ஏற்காதபோது, இரண்டோடும் ஒத்துப்போகிற மூன்றாவது மரத்தின் துண்டு ஒன்றை நடுவில் வைத்துக் கட்டுவார்கள். சில பேரி வகைகளைச் சீமைமாதுளை வேரில் வளர்ப்பது இப்படித்தான். இரண்டு மேலொட்டுகளை இசைய வைக்கிற கோப்புக்கு ‘இடையொட்டு’ என்று வைக்கலாம்.

உங்கள் கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து

*

மறுமொழி 1

தம்பிக்கு வணக்கம். ‘மேலொட்டு’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மூன்று தடைகள். ஒன்று, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒட்டுக் கட்டும்போது கன்றின் தலையை வெட்டுகிறார்கள் என்று. மூலம் கெடாது என்று காட்டத்தானே இந்தச் சொல்? இரண்டு, என் மகன் பயன்படுத்துகிற மாட் மேலாண்மைக் கருவியில் பட்டியலின் கீழே இருப்பதுதான் வெல்கிறது. ‘மேல்’ என்றால் அவன் தலைகீழாகப் புரிந்துகொள்ளமாட்டானா? மூன்று, என்ன வைத்தாலும் பிள்ளைகள் மோடு என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

அன்புடன்,
புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து

*

மறுமொழி 2

அக்காவுக்கு நன்றி. முதல் தடை நியாயமானது, இரண்டு நாள் யோசித்தேன். மாமரத்தில் நெருக்கு ஒட்டு என்று ஒன்று உண்டு. தாய்மரத்துக் கிளையை வெட்டாமல், வேர்ச்செடியின் தலையையும் வெட்டாமல், இரண்டையும் பக்கத்தில் சீவி நெருக்கிக் கட்டிவிடுவார்கள். பிடித்த பிறகுதான் வெட்டுவார்கள். பிடிக்கும்வரை இரண்டும் முழுதாக இருக்கும். நம் மேலொட்டு என்றைக்கும் அந்த நிலையிலேயே நிற்கிற ஒட்டு. மரத்தோடு முழுக்கப் பொருந்தவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘மாற்றமைவு’ பொருந்தாத இடம் முதல் கேள்வியிலேயே வருகிறது, இது பொருந்தாத இடம் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

மூலம் கெடாது என்று நான் சொன்னதில் ஒரு விஷயத்தையும் சேர்க்க வேண்டும். மூலக் கோப்புகள் கெடாது, ஆனால் ஆடிச் சேமித்த கோப்பு வேறு. பாதி ஆட்டத்தில் ஒரு மேலொட்டை எடுத்தால், அதன் நிரல் துண்டுகள் சேமிப்புக்குள் தங்கிவிடலாம். நாற்பது மணி நேரம் ஆடிய என் சேமிப்பு ஒன்று இப்படித்தான் திறக்காமலே போனது, அன்றைக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. ஒட்டை வெட்டினாலும் தண்டில் தழும்பு இருக்கும். ‘ஒட்டுத் தழும்பு’ என்றே எழுதப்போகிறேன்.

இரண்டாவது தடைக்கு: சீட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாகப் போட்டால் கடைசியில் போட்டது மேலே கிடக்கும். பட்டியலின் கடைசி வரி, அடுக்கின் உச்சி. இதை வழிகாட்டியில் ஒரு படம் போட்டுக் காட்டிவிடலாம். எந்தச் சொல்லை வைத்தாலும் இதை விளக்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது பற்றி எனக்குக் கவலை இல்லை அக்கா. ‘செயலி’ என்ற சொல் கணினிக்குள் இருக்கும் சில்லுக்காக வந்தது, இன்றைக்குக் கைப்பேசியில் இருப்பதைச் சொல்ல எல்லா நாளிதழும் அதை எழுதுகிறது. பேச்சில் ஆப் என்கிறார்கள், எழுதும்போது செயலி என்கிறார்கள். பிள்ளைகள் மோடு என்றே பேசட்டும். தமிழில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு சொல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் பக்கத்தைத் திருப்பி எழுதிவிட்டேன். ஒரு பத்தி இங்கே. உங்கள் மகனிடம் படிக்கக் கொடுத்து, எந்த இடத்தில் நிற்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள்.

‘மேலொட்டு கட்டுவதற்கு முன் மூல ஆட்டத்தை ஒருமுறை திறந்து மூடு. முதல் நாளே இருபது மேலொட்டுகளைக் கட்டாதே. ஒன்றைக் கட்டு, ஆடிப் பார், பிறகு அடுத்தது. 2011இல் வந்த பதிப்பில் மூலக் கோப்பையும் சேர்த்து 255 செருகுநிரல்கள்தான் ஏறும். 2016இல் வந்த சிறப்புப் பதிப்பில் முழு அளவிலானவை 254, அதற்கு மேல் இலகு வகைச் செருகுநிரல்கள் 4096 வரை ஏறும். அடுக்கை ஒழுங்குபடுத்த லூட் என்ற கருவி உதவும். இரண்டு மேலொட்டுகள் மோதினால், அவற்றுக்கு யாராவது இடையொட்டு செய்து வைத்திருக்கிறார்களா என்று முதலில் தேடு. செய்திருந்தால் அதை அடுக்கில் அந்த இரண்டுக்கும் பிறகு வை.’

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து