மரப்பெட்டியில் கிடைத்த கப்பல் படம்: இது எம்டன்தானா?

செட்டிநாட்டுப்பேரன்:
காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, மரப்பெட்டியின் அடியில் கெட்டி அட்டையில் ஒட்டிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. வெள்ளை நிற உடல், மூன்று புகைபோக்கிகள், இரண்டு கொடிமரங்கள் கொண்ட ஒரு போர்க்கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. முன்னால் ஒரு கட்டுமரத்தில் இருவர் இருக்கிறார்கள். இடப்புறம் தொலைவில் கூரைகளுக்கு மேலே மெல்லிய கோபுரம் ஒன்று தெரிகிறது. கப்பலின் பின்புறத்தில் வெயிலுக்குத் துணிக்கூரை விரித்திருக்கிறார்கள், கொடி காற்றில்லாமல் தொங்குகிறது. அட்டையின் பின்புறம் நீல மையில் "எம்டன் கப்பல், மதராஸ், 1914" என்று எழுதியிருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா அக்காலத்தில் மதராஸ் துறைமுகத்தில் கணக்கராக இருந்தார் என்று அப்பத்தா சொல்வார். படம், முதல் உலகப் போரில் மதராஸைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனுடையதுதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

எழும்பூர்வாசி:
இதில் ஐயம் கொள்ள என்ன இருக்கிறது? எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள், இரண்டு கொடிமரங்கள். போருக்கு முன் அதன் உடல் வெள்ளையாக இருந்ததால் "கிழக்கின் அன்னம்" என்றே அதை அழைத்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவர் வீட்டில் கிடைத்த படம், அதன் பின்னால் பெயரும் ஊரும் ஆண்டும் இருக்கின்றன. குடும்பத்தார் நூறாண்டு காத்து வைத்த சான்றை, கணினி முன் அமர்ந்து மறுப்பது எளிது.

கடற்கணக்கன்:
எளிதாக மறுக்கவில்லை ஐயா, நீங்கள் சொன்ன வெள்ளை நிறத்திலிருந்தே தொடங்குகிறேன். போர் மூண்டதும் எம்டனுக்குச் சாம்பல் வண்ணம் பூசிவிட்டார்கள். அது மதராஸுக்கு வந்தது 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சுமார் 9.30 மணிக்கு, தேடொளி விளக்கைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு, அரை மணி நேரத்துக்குள் இருளில் மறைந்துவிட்டது. நங்கூரம் போடவுமில்லை, துணிக்கூரை விரிக்கவுமில்லை. இந்தப் படத்தில் பட்டப்பகல், கட்டுமரக்காரர்களோ எதிரிக் கப்பலைக் கண்டு ஓடுகிறவர்களாகத் தெரியவில்லை.

எழும்பூர்வாசி:
அந்த இரவில் எடுத்த படம் என்று நான் சொல்லவே இல்லை. போருக்கு முன்பு நல்லெண்ணப் பயணமாக எம்டன் இங்கே வந்திருக்கலாம் அல்லவா? அப்போது எடுத்த படத்துக்குப் பின்னாளில் ஆண்டைத் தவறாகக் குறித்திருக்கலாம்.

கடற்கணக்கன்:
வந்திருக்க வழியில்லை. எம்டன் 1909-ல் பணியில் சேர்ந்து, 1910 ஏப்ரலில் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுத் தென் அமெரிக்கா வழியாகப் பசிபிக்கைக் கடந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் சீனக் கரையின் சிங்தாவை அடைந்தது. அதன்பின் அது ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை; சீனா, ஜப்பான், பசிபிக் தீவுகள் என்று சுற்றியதோடு சரி. வங்கக் கடலுக்குள் அது முதன்முதலாக நுழைந்தது கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில், 1914 செப்டம்பரில், எதிரி வணிகக் கப்பல்களை வேட்டையாட. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் அதைச் சிதைத்துவிட்டது. கரையில் ஒதுங்கிய அந்தச் சிதைவின் படங்கள் நிறையவே உண்டு; அவற்றில் புகைபோக்கிகள் சரிந்து கிடக்கும்.

கண்ணாடித்தகடு:
கப்பல் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, பழைய படங்களைப் பற்றி இரண்டு சொல்கிறேன். முதலாவது, பெரிதாக்கிப் பார்த்தால் பின்புற எழுத்தின் கோடு எங்கும் ஒரே தடிமனாக ஓடுகிறது, இரண்டு இடங்களில் மை உருண்டு திரண்டிருக்கிறது. இது பந்துமுனைப் பேனா. அது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது. ஆகவே அந்த வரியை எழுதியவர் படம் எடுத்து ஒரு தலைமுறையாவது கழித்து எழுதியிருக்கிறார். இரண்டாவது, கொடியை வைத்து யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். அக்காலத்தில் படம் பதித்த கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது, அது கறுப்பாகவே பதியும். ஆகவே ஆங்கிலேயக் கடற்படைக் கொடியின் செஞ்சிலுவையும் ஜெர்மானியக் கொடியின் கருஞ்சிலுவையும், அதுவும் மடிந்து தொங்கும்போது, ஒன்றுபோலவே இருக்கும். புகைபோக்கிகள் கருமையாகத் தெரிவதையும் நம்ப முடியாது. மஞ்சளும் அந்தத் தகடுகளில் இருண்டுதான் விழும்.

எழும்பூர்வாசி:
பேனா பற்றிய குறிப்பை ஏற்கிறேன், அது என் வாதத்தைச் சற்றுத் தளர்த்துகிறது. ஆனால் ஒரு மகன் தன் தந்தை சொல்லக் கேட்டதைப் பின்னாளில் எழுதி வைத்தால் அது பொய்யாகிவிடுமா? இருக்கட்டும், தொலைவில் தெரியும் அந்தக் கோபுரத்தை வைத்து ஊர் மதராஸ்தான் என்று உறுதி சொல்ல முடியுமா? சிங்தாவில் எடுத்த எம்டன் படத்தை, நம் ஊர்க் காட்சியோடு ஒட்டி ஏதாவது ஒரு ஸ்டூடியோக்காரர் விற்றிருக்கக் கூடாதா? குண்டு விழுந்த பரபரப்பில் அப்படிப்பட்ட படம் நன்றாக விலை போயிருக்குமே.

கடற்கணக்கன்:
இது நல்ல கேள்வி. கோபுரத்தின் உச்சியில் குமிழ் போன்ற கவிகை தெரிகிறது. அது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மேல் 1894-ல் விளக்கேற்றிய கலங்கரை விளக்கம். அதே வளாகத்தில் உள்ள பழைய விளக்கமோ கிரேக்கப் பாணித் தனித்தூண், அதற்குக் கவிகை கிடையாது. ஒட்டுப்படமா என்பதற்குப் பதில் கப்பலிலேயே இருக்க வேண்டும். எம்டனில் பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள், அவற்றில் இரண்டு அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், அருகருகே நிற்கும். மூன்று புகைபோக்கி கொண்ட ஆங்கிலேய ஹைஃபிளையர் வகைக் குரூசர்களிலோ (விரைவுப் போர்க்கப்பல்களிலோ) ஆறு அங்குலப் பீரங்கிகள் பதினொன்று. அணியத்தில் ஒன்றுதான், பின்முனையான அமரத்துத் தளத்தில் இரண்டு, மீதி எட்டும் நடுவில் இரு பக்கங்களிலும். செட்டிநாட்டுப்பேரன் அவர்கள் அணியத்தை மட்டும் உயர்ந்த துல்லியத்தில் நகலெடுத்துப் போட்டால் பேச்சு முடிந்துவிடும்.

செட்டிநாட்டுப்பேரன்:
இப்போது போட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு ஒரே பீரங்கிதான் தெரிகிறது. கவசத்தின் நடுவிலிருந்து குழல் நீண்டிருக்கிறது. அதன் மீது ஒரு மாலுமி சட்டையைக் காயப்போட்டிருக்கிறார் போலும். கவசத்துக்கு இரு பக்கமும் வெறும் தளமாக இருக்கிறது.

எழும்பூர்வாசி:
பக்கவாட்டில் பார்த்தால் ஒரு பீரங்கி மற்றொன்றை மறைக்கும் என்று எழுதத்தான் வந்தேன். ஆனால் படம் சற்று முன்பக்கமிருந்தே எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு இருந்தால் இரண்டும் தெரிந்தே ஆக வேண்டும். பிடிவாதம் பிடிக்கவில்லை, இது எம்டன் இல்லை. ஆனால் ஏன் எம்டன் என்று எழுதினார்கள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

கண்ணாடித்தகடு:
அதற்கு ஆதாரம் தேவையே இல்லை. கெட்டிக்காரனை "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிற ஊர் இது. பெட்டியில் ஒரு போர்க்கப்பல் படம் இருந்தால், பேனா எடுத்தவருக்கு வேறு எந்தப் பெயர் நினைவுக்கு வந்திருக்கும்? கூடுதலாக ஒன்று: கட்டுமரத்தில் இருப்பவர்களின் நிழலும் துணிக்கூரையின் நிழலும் ஒரே பக்கம் விழுகின்றன, ஆகவே ஒட்டுப்படம் என்ற ஐயமும் எனக்கு இல்லை.

கடற்கணக்கன்:
நான் சொன்ன ஹைஃபிளையர் வகையில் ஹெர்மஸ், ஹைஃபிளையர், ஹயசிந்த் என்று மூன்று கப்பல்கள். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவுக்கு ஹயசிந்தும் ஹைஃபிளையரும் வெவ்வேறு காலங்களில் தலைமைக் கப்பலாக இருந்தன. ஹயசிந்த் 1904-ல் சோமாலியக் கரையின் இல்லிக் தாக்குதலில் பங்கேற்றது. ஹைஃபிளையர் போருக்குச் சற்று முன்பும் இந்தப் பிரிவில் இருந்தது, கடைசியில் 1921-ல் பம்பாயில் உடைப்புக்கு விற்கப்பட்டது. என் சாய்வு ஹைஃபிளையர் பக்கம், ஆனால் இந்த ஒரு படத்தை வைத்து இவ்விரண்டில் எது என்று சொல்வது கடினம்.

எழும்பூர்வாசி:
அப்படியானால் துறைமுகச் சுவரைப் பாருங்கள். நுழைவாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றும் பணி, துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், 1911 வாக்கில் முடிந்தது. படத்தின் வலது ஓரத்தில் தெரியும் சுவர் முனை பழைய வாயிலுடையதா, புதியதுடையதா என்று கண்டால் ஹயசிந்தா ஹைஃபிளையரா என்பதற்கு ஒரு வழி பிறக்கும்.

செட்டிநாட்டுப்பேரன்:
வலது ஓரம் அட்டையின் மடிப்புக்குள் போயிருக்கிறது, பசையை நீராவியில் இளக்கிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

கண்ணாடித்தகடு:
தயவுசெய்து வேண்டாம். நீராவி பட்டால் படத்தின் மேற்பூச்சு வீங்கி உரிந்துவிடும். அட்டையைச் சாய்த்து, பக்கவாட்டில் விளக்கு வைத்து, மடிப்பை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.