ஜீப்பில் ஏர் ஹாரன் மாட்டினேன், பீப்பி மாதிரி ஊதுகிறது. உதவி வேண்டும்

களக்காட்டு வாழை

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வண்டி மஹிந்திரா எம்.எம். 540, 1996 மாடல், டீசல், 12 வோல்ட். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் வாழைத்தோட்டம். அங்கே போகிற வாய்க்கால் கரைப் பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். இரண்டு பக்கமும் வாழை தலைக்கு மேல் நிற்பதால் வளைவில் எதிரே வருவது தெரியாது. வாழைத்தார் ஏற்றி வருகிற டிராக்டரில் பாட்டு அலறும், என் பழைய ஹாரன் அவர்கள் காதில் ஏறவே ஏறாது. போன மாதம் ஒரு டிராக்டர் ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. வண்டியை வாய்க்கால் விளிம்பு வரை ஒதுக்கிவிட்டேன். பக்கத்து சீட்டில் அம்மா இருந்தார்கள். அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை.

மறுநாளே இரட்டைக் குழல் ஏர் ஹாரன் வாங்கினேன். கூடவே கைக்கு அடக்கமான ஒரு மின் கம்ப்ரசர். பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு ஒயரையும் கழற்றி அப்படியே கம்ப்ரசரில் சொருகினோம். பட்டனை அழுத்தினால் முதலில் 'விர்ர்' என்று மோட்டார் சத்தம், அரை நொடி கழித்துத் திருவிழாப் பீப்பி மாதிரி ஒரு ஊதல். அவ்வளவுதான். இரண்டு முறை 15 ஆம்பியர் ஃபியூஸ் போனது. பக்கத்துப் பட்டறையில் 30 போட்டுக் கொடுத்தார்கள். இப்போது ஃபியூஸ் போகவில்லை, ஆனால் ஸ்டியரிங் நடுவில் ஹாரன் பட்டன் சுடுகிறது.

கம்ப்ரசர் மட்டமானதா? இன்னும் பெரியதாக வாங்கலாமா?

பாளை ஆட்டோ எலக்ட்ரிக்

தம்பி, இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்த 30 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்குங்கள். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. மெல்லிய ஒயருக்குத் தடித்த ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும், அதுவும் டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பட்டன் சுடுவது அதற்கு முன்னறிவிப்பு.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய தட்டு ஹாரன் ஒன்று 4 ஆம்பியர் போல இழுக்கும். உங்கள் கம்ப்ரசர் 15, 20 வரை கேட்கும். பழைய ஜீப்பில் பெரும்பாலும் ஹாரனுக்குப் பிளஸ் நேரே வந்துவிடும், பட்டன் எர்த்தை, அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டி உடம்பைத் தொடவைக்கும். அதாவது கம்ப்ரசரின் முழுக் கரண்டும் பட்டனுக்கு அடியில் இருக்கிற ஒரு சின்னச் செம்புத் தகடு வழியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. மோட்டார் சுற்றுகிறது, ஆனால் வேகம் பிடிக்கவில்லை. குழலுக்குள் இருக்கும் சவ்வு அதிர அழுத்தம் வேண்டும், அது ஏறுவதற்குள் நீங்கள் விரலை எடுத்துவிடுகிறீர்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், மல்டிமீட்டரில் பாருங்கள். ஃபியூஸைத் திரும்ப மாட்டி, எஞ்சின் ஓடும்போது, ஒருவர் இரண்டே நொடி பட்டனை அழுத்தட்டும். பேட்டரியில் எவ்வளவு, கம்ப்ரசர் முனைகளில் எவ்வளவு? பிறகு பேட்டரி பிளஸுக்கும் கம்ப்ரசர் பிளஸுக்கும் நடுவே, அதேபோல் மைனஸுக்கும் மைனஸுக்கும் நடுவே. பார்த்துவிட்டு ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். நான்கு எண்ணையும் எழுதுங்கள்.

களக்காட்டு வாழை

பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. பேட்டரி 13.4. கம்ப்ரசர் 8.9. பிளஸ் பக்கம் 1.9, மைனஸ் பக்கம் 2.6.

பாளை ஆட்டோ எலக்ட்ரிக்

1.9-ம் 2.6-ம் கூட்டினால் 4.5. 13.4-லிருந்து அதைக் கழித்தால் 8.9. கணக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. கம்ப்ரசர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதற்குப் போக வேண்டிய வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடுகிறது.

நான்கு கால் ரிலே ஒன்று வாங்குங்கள், 12 வோல்ட், 40 ஆம்பியர். சின்னக் கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச் அது. கால்களுக்குப் பக்கத்தில் எண் அச்சடித்திருக்கும். 30-க்குப் பேட்டரி பிளஸிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 25 ஆம்பியர் ஃபியூஸ். அது தள்ளிப் போகக் கூடாது, ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. 87-லிருந்து கம்ப்ரசர் பிளஸ். 86-க்குப் பழைய ஹாரனின் பிளஸ் ஒயர், 85-க்குப் பட்டனிலிருந்து வரும் ஒயர். அந்தப் பழைய வரிசையில் மறுபடியும் 15 ஃபியூஸே போதும். ரிலேவின் சுருள் ஒரு ஆம்பியரில் கால் பங்கு கூட இழுக்காது, இனிமேல் பட்டன் சுடாது.

ஒயர் முனையில் போடுகிற லக்கை (உலோகக் காதை) முறுக்கிச் சொருகி டேப் சுற்றும் வேலை வேண்டாம். நசுக்கி இறுக்கி, மேலே ஸ்லீவ் போடுங்கள். ரிலேவின் கால்கள் கீழே பார்க்க இருக்கட்டும். உங்கள் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் தண்ணீர் உள்ளே நிற்காது.

மலைநம்பி ஜீப்

நான் திருக்குறுங்குடியிலிருந்து மலைநம்பி கோயிலுக்கு ஜீப் ஓட்டுகிறவன். எலக்ட்ரிக் வேலையை அண்ணாச்சி சொல்லிவிட்டார். மாட்டுகிற இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

கம்ப்ரசரை நெட்டுக்குத்தாக, காற்று வெளியேறும் வாய் மேலே இருக்கும்படி மாட்டுங்கள். படுக்க வைத்தால் உள்ளே தண்ணீர் தங்கும். ஓடை கடக்கிற வண்டி என்றால் பம்பருக்குக் கீழே வைக்கவே கூடாது. குழல்களின் வாய் முன்னால் பார்த்து, ஒரு விரல்கடை கீழே சாய்ந்திருக்கட்டும். மேலே பார்த்திருந்தால் மழையும் தூசியும் நேரே சவ்வில் போய் உட்காரும். நடுவே போகிற ரப்பர் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, எங்கேயும் மடியக் கூடாது, சைலன்சர் பக்கம் போகக் கூடாது.

ஒரு நாள் எங்கள் வண்டியில் திடீரென்று ஒரு குழல் மட்டும் ஊமையாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. விரல் நீளத்துக்கு, அவ்வளவு நேர்த்தியாக. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பாறைப் பாதையில் நட்டு கழன்றுகொண்டே இருக்கும், நைலான் வைத்த நட்டு போடுங்கள்.

இன்னொன்று தம்பி. மலைநம்பிப் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அங்கே நாங்கள் ஹாரனைத் தொடுவதில்லை. உங்கள் தோட்டமும் காட்டு ஓரம்தான். யானை நிற்கிற பக்கம் இதை ஊதி விரட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. விளக்கை அணைத்துப் பின்னால் எடுத்துவிடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அம்பை டிரைவர்

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி ஹாரனுக்கு உரியது. ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுரம் எழுப்பும் ஹாரனையோ, அளவுக்கு மீறிக் கூச்சலோ அலறலோ போடும் கருவியையோ வண்டியில் மாட்டவே கூடாது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194-எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000. வாய்க்கால் கரையிலும் ஊர் சனம் நடக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். காதருகே ஏர் ஹாரன் ஊதினால் பிள்ளை வாய்க்காலில் விழும்.

ஒரு சந்தேகம். கழற்றிய பழைய ஹாரனுக்கு எத்தனை வோல்ட் வந்துகொண்டிருந்தது என்று பார்த்தீர்களா? அதுவும் அதே பட்டன் வழிதானே?

பாளை ஆட்டோ எலக்ட்ரிக்

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றாமல் போயிற்று. தம்பி, பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

களக்காட்டு வாழை

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. ரிலே போட்டேன். முதலில் 10.9 வோல்ட்தான் வந்தது. கம்ப்ரசரின் எர்த் ஒயரை நான் கிரில் தகட்டில் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தேன், அடியில் ரப்பர் வாஷர் வேறு. அதைக் கழற்றி ஒயரைப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோனதும் 12.7. பட்டனைத் தொட்டவுடன் ஊதிய சத்தத்தில் தென்னையில் இருந்த காக்கை அத்தனையும் கிளம்பிவிட்டது. காது கொஞ்ச நேரம் அடைத்தே போயிற்று.

அப்புறம் அம்பை அண்ணன் கேட்டதைப் பார்த்தேன். பழைய ஹாரனைப் பழைய ஒயரிலேயே மாட்டி அளந்தால் 10.2. பட்டனைக் கழற்றினால் செம்புத் தகடு கறுத்துப் பொட்டுப் பொட்டாக எரிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பழைய ஹாரனை இப்போது ரிலேவிலேயே மாட்டிவிட்டேன். சத்தம் அப்போதும் கரகரவென்றுதான் வந்தது. பின்பக்கம் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கிறதே, அதைத் திருப்பலாமா?

பாளை ஆட்டோ எலக்ட்ரிக்

தாராளமாக. ஆனால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்குள், ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு சின்ன அழுத்து. எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் தெளிகிறதோ அந்தப் பக்கம் போங்கள். கரகரப்பு போய் வெண்கலச் சத்தம் வந்ததும் நிறுத்தி, ஸ்குரூ தலையில் ஒரு துளி பெயிண்ட் வைத்துவிடுங்கள், அதிர்வில் நகராது. ரிலேவில் இப்போது இந்த ஹாரன் மட்டும்தான் என்றால் 25 ஃபியூஸை எடுத்துவிட்டு 10 போடுங்கள்.

களக்காட்டு வாழை

மூன்றாவது கால் சுற்றில் தெளிந்தது. இந்த வண்டி இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஃபியூஸும் மாற்றிவிட்டேன். இன்று காலை அதே வளைவில் ஒரு முறை அடித்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் ஐம்பது அடி தள்ளியே ஒதுங்கி நின்றது. ஓட்டி வந்தவர் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

ஏர் ஹாரனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ரிலேவுக்கு மட்டும் பழைய பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி ஒரு மூடி செய்திருக்கிறேன், சாரல் தொடங்குவதற்குள் மாட்ட வேண்டும்.