முதியவர்களுக்கு இலவச யோகா வகுப்பு: ஜமுக்காளமா, நாற்காலியா?

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் நகர் நலச்சங்கக் கூடத்தில் வாரம் மூன்று நாள், காலை 6 முதல் 7 வரை, காசு வாங்காமல் யோகா சொல்லித்தரலாம் என்றிருக்கிறேன். வயது 64, ஆசிரியர் பயிற்சி முடித்தாயிற்று. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் 16 பேர், 60 முதல் 79 வயது வரை. சர்க்கரையோ பி.பி.யோ இல்லாதவர் இரண்டே பேர். இருவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஜூன் 21 யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் கொடுக்கும் பொதுப் பயிற்சித் தொகுப்பை அப்படியே நடத்தலாமா? டைல்ஸ் தரை, ஜமுக்காளம் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியும் இருக்கிறது.

வைத்திக்குப்பம்வாசி:
அப்படியே நடத்தாதீர்கள் ஐயா, நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனத்திலேயே சிக்கல் வந்துவிடும். முதுகை வளைத்துக் குனிந்தால் எலும்புப் புரை (எலும்பு மெலிதல்) உள்ளவருக்கு முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கக்கூடும். தலை கீழே போனால் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அழுத்தம் இன்னும் ஏறும். நிமிரும்போது பி.பி. மாத்திரைக்காரருக்குத் தலை சுற்றும். பதிலாக, நாற்காலி முதுகையோ சுவரையோ பிடித்து, இடுப்பில் மட்டும் மடங்கி, முதுகு நேராகப் பாதி குனிந்தால் போதும். அர்த்த ஹலாசனம் (படுத்துக் காலை நேராக மேலே தூக்குவது), உஷ்ட்ராசனம் (மண்டியிட்டுப் பின்னால் வளைவது), கபாலபாதி (வயிற்றை வெடுக்கென்று இழுத்து வேகமாக மூச்சு விடுவது) மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஹெர்னியா, இதய நோய், அடங்காத பி.பி. இருப்பவருக்குக் கபாலபாதி ஆகவே ஆகாது. கூட்டத்தில் யாருக்கு என்ன என்று நினைவு வைப்பதைவிட எல்லோருக்கும் இல்லை என்பது சுலபம். நாடி சுத்தி (மூக்குத் துளைகளில் மாற்றி மாற்றி மூச்சு விடுவது), பிராமரி (வண்டு போல ரீங்கரித்து மூச்சு விடுவது) இருக்கட்டும். மூச்சை நிறுத்தும் கும்பகம் வேண்டாம், நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் போதும்.

உப்பனாறு:
ஆசனப் பட்டியலை விடுங்கள். இந்த வயதில் விழுவது ஆசனத்தில் அல்ல, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது. உட்காருவது, எழுவது, திரும்புவது இவைதான் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸில் ஜமுக்காளம் வழுக்கும், ஓரம் சுருண்டு காலைத் தடுக்கும். மெத்தென்ற தடிமனான மேட்டும் நின்று செய்வதற்கு ஆகாது, பாதம் அமுங்கி ஆட்டம் காணும். நிற்பதெல்லாம் வெறுங்காலில், காய்ந்த தரையில். பிளாஸ்டிக் நாற்காலி சாய்ந்து எழும்போது பின்னால் சறுக்கும், வெயிலில் கிடந்தது என்றால் காலே அகலும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் உயரம் 17, 18 அங்குலம். குள்ளமான அம்மாக்களுக்குப் பாதம் தரையில் பதியாது. காலடியில் பலகை வைக்கலாம், ஆனால் எழும் முன் அதைத் தள்ளிவிட வேண்டும், மறந்தால் அதுவே தடுக்கும்.

முதல் இரண்டு வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே செய்யுங்கள். இருக்கையின் முன்நுனிக்கு வரணும், பாதம் முட்டிக்குச் சற்றுப் பின்னால், மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழணும். உட்காரும்போது நான்கு எண்ணி இறங்கணும். தொப்பென்று விழுகிறார் என்றால் தொடையில் பலமில்லை, அவர் கை வைத்த நாற்காலிக்குப் போகட்டும். ஐந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி ஐந்து.

தரையில் படுக்க வைப்பதாக இருந்தால் முதலில் எழச் சொல்லிக்கொடுங்கள். பக்கவாட்டில் புரண்டு, கையூன்றி மண்டியிட்டு, நாற்காலி இருக்கையைப் பிடித்து, பலமுள்ள காலை முன்வைத்து எழணும். இது வராதவருக்குச் சவாசனமும் நாற்காலியிலேயே.

கெடிலக்கரை:
முட்டி மாற்றியவர்கள் மண்டியிடவே முடியாதே, அவர்களுக்கு? சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் வரலாமா?

உப்பனாறு:
அவர்கள் தரைக்கே வர வேண்டாம். மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனமும் கிடையாது, டாக்டர் சரி என்றால் பார்க்கலாம்.

வைத்திக்குப்பம்வாசி:
இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வரக்கூடாது. இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டு வரட்டும். கூடத்தில் சர்க்கரையும் தண்ணீரும் எப்போதும் இருக்கணும். வியர்த்து, பேச்சு குழறி, பார்வை மந்தமானால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108தான். நெஞ்சுவலிக்கும் அதேதான். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே சர்க்கரை இறங்கலாம், வியர்வையைக் கவனியுங்கள். நாடி பார்த்துச் சிரமத்தை அளக்கவும் முடியாது. செய்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச வருகிறதா என்று பாருங்கள்.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுக்கும் ஐயாக்களையும் கேட்டு வையுங்கள், எழும்போது பி.பி. இறங்கும். படுத்தவர் உடனே நிற்கக்கூடாது, ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகுதான்.

உப்பனாறு:
16 பேரை ஒருவர் பார்ப்பது அதிகம் ஐயா. எட்டு எட்டாகப் பிரியுங்கள், இல்லையென்றால் கூட ஓர் ஆளை வையுங்கள். தள்ளாடுபவர்கள் சுவர்ப்பக்கம். ஒற்றைக்காலில் நிற்பது விரல்நுனி சுவரில் பட, கண் திறந்து, பத்து விநாடி. காது மந்தமானவர் முதல் வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், சத்தத்தில் எதுவும் கேட்காது. ஐப்பசி மழை தொடங்கினால் வாசலில் இரண்டு கோணிச்சாக்கு போடுங்கள், ஈரக்காலோடு டைல்ஸில் ஏறுவார்கள்.