பாம்பெர்க் புகைப் பியரை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ஷ்லெங்கெர்லா மேர்ட்சன் என்னும் கருநிறப் பியரை முதன்முறையாகச் சுவைத்தேன். அடர்ந்த பழுப்பு நிறமும், வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் தெரியும் செம்மையும் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. மூக்கருகே கொண்டுபோனதுமோ, மாசிக்கருவாட்டைத் தணலில் வாட்டும்போது எழுவதைப் போன்ற வாசம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ஸ்டவுட் எனும் கருநிறப் பியர் வகைகளுக்கு நான் வழக்கமாக எழுதும் காப்பி, சாக்லேட் போன்ற சொற்கள் எவையும் இதற்குப் பொருந்தவில்லை. இந்தப் புகையைக் குறையாகக் கொள்வதா, இயல்பாகக் கொள்வதா?

பதில் 1:
ஐயா, அது இயல்புதான். இதில் புகைச்சாறு எதுவும் கலப்பதில்லை. மால்ட் எனப்படும் முளைவிட்ட பார்லியைப் பீச் மர நெருப்பின்மேல் உலர்த்தும்போது, மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து குவையகால், சிரிங்கால் போன்ற ஃபீனால்கள் என்னும் வாசனைச் சேர்மங்கள் உருவாகி, ஈரமான மால்ட்டில் படிகின்றன. சூடான காற்றை மட்டும் செலுத்தும் உலர்த்திகள் வருவதற்கு முன் விறகில் உலர்ந்த மால்ட்டில் இந்த வாசம் இருந்தே தீரும். மற்ற ஊர்கள் அதைக் கைவிட்ட பிறகும் பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லா, ஷ்பெட்சியால் என்னும் இரு பியர் ஆலைகளும் அம்முறையை விடாமல் காத்துவந்தன. ஸ்டவுட்டின் காப்பிச் சுவை வறுத்த தானியத்திலிருந்து வருவது, இதுவோ 5.1 சதவீத ஆல்கஹால் கொண்ட, குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் லாகர் வகை. நிறம் ஒன்றை வைத்து இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது.

பதில் 2:
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் மதிப்பெண் போடாதீர்கள். கடுங்குளிரில் மால்ட்டின் இனிப்பு அடங்கிப் புகை மட்டுமே முன்னால் நிற்கும். சற்றுக் குளிர் தணியவிட்டு நிதானமாகக் குடித்தால், மூக்கு புகைக்குப் பழகிவிடும். அதன்பின் அடியிலிருந்து ரொட்டியின் மேலோட்டுச் சுவையும், முடிவில் நாக்கை உலர்த்தும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தெளிவாகத் தெரியும். முதல் மிடறு விசித்திரமாகப் பட்டாலும் நிறுத்திவிட வேண்டாம் என்று ஷ்லெங்கெர்லா மதுக்கூடமே தன் விருந்தினரைக் கேட்டுக்கொள்கிறது. எனவே பாதிக் கோப்பை தாண்டிய பிறகே குறிப்பு எழுதுங்கள். விறகுப் புகையும் இறைச்சிப் புகையும் இந்த வகைக்கு உரியவை. மருத்துவமனைப் பிளாஸ்திரி வாசமோ, தொண்டையைக் கரிக்கும் சாம்பல் சுவையோ வந்தால் மட்டும் தயங்காமல் குறையென்று எழுதலாம்.

பதில் 3:
மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. முதல் மிடற்றின் அதிர்ச்சியையும் குறிப்பில் பதிவுசெய்யத்தான் வேண்டும். ஏனெனில் உங்கள் விமர்சனத்தைப் படித்துவிட்டுப் பாட்டிலைத் திறப்பவர் முதலில் சந்திக்கப்போவது அதைத்தான். இரண்டு நிலைகளையும் தனித்தனியே எழுதி, மதிப்பெண்ணை இரண்டாவதற்கு மட்டும் கொடுங்கள்.

கிடைத்தால் அதே நிறுவனத்தின் ஹெல்லஸ் என்னும் வெளிர்நிற லாகரையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். அதில் புகைமால்ட் சேர்ப்பதே இல்லை. ஆயினும் அதே கொப்பரைகளில் காய்ச்சி, அதே ஈஸ்ட்டில் நொதிக்கவைப்பதால் மெல்லிய புகைச் சாயல் ஏறிவிடுகிறது. அதைக் குடித்துவிட்டு மேர்ட்சனுக்குத் திரும்பினால், புகை எது, மால்ட் எது என்று நாக்கே பிரித்துச் சொல்லிவிடும். கிறிஸ்துமஸ் காலத்தில் வரும் 8 சதவீத ஆல்கஹால் கொண்ட ஐக்கே என்னும் அவர்களின் பியர், ஓக் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டால் ஆனது. மேர்ட்சனை விட மிருதுவான அதன் புகையை அடுத்த குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.