ரோட்டோரச் சாவடியும் சுமைதாங்கியும்: ரோடு அகலப்படுத்துவதற்குள் என்ன செய்யலாம்?

ஊர்ச்சாவடி:
வணக்கமுங்க. எங்க ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். ஊர் நுழைவில் ரோட்டை ஒட்டி ஒரு பழைய சாவடி இருக்குதுங்க. முன்னாடி நாலு கல்தூண், மூணு பக்கம் சுண்ணாம்புக் காரையில் கட்டின செங்கல் சுவர், பனைமரச் சட்டமான பனங்கை மேல சீமை ஓடு. கொஞ்சம் தள்ளி ஒரு சுமைதாங்கி, அதாவது வழியில் போறவங்க தலைச்சுமையை இறக்கி வைக்கத் தூண் மேல படுக்கக் கல் வச்சது. மேல்கல்லின் விளிம்பில் எழுத்து இருக்குது, பாதி பெயிண்டுக்கு அடியில்.

சுவரில் தரையிலிருந்து மூணடி உயரம் வரைக்கும் உப்புப் பூத்துப் பொரிஞ்சு கொட்டுது. மேல சிமெண்ட் பூசியிருக்காங்க, அதுவும் பலகை பலகையா விடுது. கூரை ரெண்டு இடத்தில் ஒழுகுது. ரோட்டை அகலப்படுத்தக் குறி போட்டாச்சு, சுமைதாங்கி குறிக்குள்ள வருது. இடிச்சுட்டு கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டலாம்னு ஊரில் பாதிப் பேர் சொல்றாங்க. பழசைக் காப்பாத்த எதை முதலில் செய்யோணும், எதைச் செய்யவே கூடாது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காரைக்கட்டு:
சுவரில் கை வைக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்க. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் சாவடித் தரை ரோட்டைவிடப் பள்ளமாகிவிடும். மழைத்தண்ணி சுவரடியில் தேங்கும், செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் பூச்சு வழியாகவே ஆவியாகிப் போயிருக்கும். சிமெண்ட் பூசியதும் வழி அடைபட்டது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, கூட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் செங்கலுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக்குகிறது. நீங்கள் பார்க்கும் பொரிதல் இதுதான். இதன் மேல் இன்னொரு கோட் சிமெண்ட் பூசினால் உப்பு நாலடி, ஐந்தடிக்கு ஏறும்.

அதனால் முதல் வேலை வெளியே. சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி எடுத்து, ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, தண்ணீர் விலகி ஓடச் சரிவு கொடுங்க. சுவரை ஒட்டி கான்கிரீட் திட்டு கட்ட வேண்டாம். உள்ளே டைல்ஸும் வேண்டாம். தரையை மூடினால் தரை வழியாகப் போக வேண்டிய ஈரமும் சுவருக்குத்தான் போகும். பழைய கல்பாவு இருந்தால் அதையே எடுத்து, சுண்ணாம்பு மணலில் திருப்பிப் பாவினால் போதும்.

சிமெண்டைப் பெயர்க்கச் சின்ன உளியும் சுத்தியலும் போதும். உளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மின் பிரேக்கர் வைத்தால் செங்கல் முகம் கையோடு வந்துவிடும். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தை அப்படியே விடுங்க. அதை எடுப்பதால் வரும் சேதம்தான் அதிகம். பெயர்த்த பின் ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும். அதுவரை பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளிச் சாக்கில் பிடித்து அப்புறப்படுத்துங்க. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே திரும்பிப் போகும்.

பூச்சுக்குச் சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கித் தண்ணீரில் போட்டு நீங்களே நீற்றுங்க. கடையில் பல மாதம் கிடந்த வெள்ளையடிக்கிற பொடி காற்றுப் பட்டுச் செத்திருக்கும், பிடிக்காது. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணே போய்விடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் கிட்ட விடாதீங்க. நீற்றியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் வைக்க வேண்டும். ஒரு மாதம் வைத்தால் இன்னும் நல்லது. நீறாத கட்டி உள்ளே தங்கினால் பூசிய பிறகு நீறி, பூச்சை அம்மைத் தழும்பு மாதிரித் தெறிக்க வைக்கும்.

முதல் பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல், கனம் அரை அங்குலம். இரண்டாவது அதைவிட மெல்லிசு. கடைசிப் பூச்சு 1-க்கு 2, சலித்த மணலில். எம்-சாண்ட் என்றால் கல்தூள் போகக் கழுவிய பிறகுதான் சேர்க்க வேண்டும். தூள் நின்றால் வெடிக்கும். கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்ப்பது நம்ம பக்கத்து வழக்கம். ஆனால் கணக்கு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும், வெல்லம் அதிகமானால் எறும்பும் பூஞ்சையும் வரும். இரண்டடிக்கு இரண்டடி பூசி மூன்று வாரம் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்க.

உப்பு ஏறிய சுவரில் முதலில் பூசும் சுண்ணாம்பு மிச்ச உப்பை இழுத்துக்கொண்டு ஓரிரு வருடத்தில் உதிரும். அது அதன் வேலை. உதிர்ந்ததும் மறுபடி பூச வேண்டும் என்பதை நன்கொடை கொடுப்பவர்களிடம் இப்பவே சொல்லிவிடுங்க, இல்லையென்றால் சுண்ணாம்பு தோற்றுவிட்டது என்று சிமெண்டுக்கே திரும்புவார்கள்.

பூச்சு வேலைக்குத் தை, மாசி சரியான நேரம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பூச்சை ஒரே நாளில் உலர்த்தி விரிசல் விட வைக்கும். எந்த மாதமானாலும் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது நனைத்து வையுங்க.

கூரைக்கு வருவோம். சுவர் மேல் அஞ்சு அங்குல கான்கிரீட் போட்டால் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. ஓடும் மரச்சட்டமும் சேர்ந்தே ஆறேழு கிலோதான். அடியில் பொரிந்த செங்கல் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஓடுகளை முகட்டிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு சரிவிலும் சமமாக இறக்குங்க. ஒரு பக்கம் மட்டும் காலியானால் மரச்சட்டம் மறுபக்கம் சாயும். ஓட்டைப் படுக்கையாக அடுக்காமல் நிறுத்தி அடுக்க வேண்டும். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்பது நல்ல ஓடு, மந்தமாகக் கேட்டால் உள்விரிசல். உடைந்ததற்கு ஈடாகப் பக்கத்தில் இடிக்கும் பழைய வீட்டு ஓட்டையே வாங்குங்க. கம்பெனிக்குக் கம்பெனி பள்ளம் மாறும், மாறினால் கவ்வாது. பனங்கை சுவருக்குள் இறங்கும் நுனிதான் முதலில் அழுகும். முழுப் பனங்கையையும் மாற்ற வேண்டாம். அழுகிய நுனியை வெட்டிப் பழைய வைரம் பாய்ந்த பனையில் ஒட்டுப்போட்டு, சுவரில் சொருகும் இடத்தில் சுற்றிலும் அரை அங்குலம் காற்றுவெளி விடுங்க. தாழ்வார வரிசை ஓட்டைக் கம்பியால் கட்டிவிட்டால் ஆடிக்காற்றில் நகராது.

கல்லெழுத்து:
சுவருக்கு அண்ணன் சொன்னதில் சேர்க்க எதுவுமில்லை. நான் சுமைதாங்கியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைப்பேறு ஆகாமல் இறந்த பெண்ணின் நினைவாகப் பல ஊர்களில் இதை நட்டார்கள். விளிம்பில் பெயரும் தமிழ் வருடமும் இருக்கலாம். பெயிண்டை எடுக்க ஆசிட், கம்பித் தூரிகை, மணல்வீச்சு மூன்றும் கூடாது. ஆசிட் பட்டால் கல்லில் உள்ள இரும்பு கசிந்து பழுப்புக் கறை நிற்கும். மணல்வீச்சு எழுத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். எனாமலுக்கு ஆசிட் கலக்காத, களி மாதிரியான பெயிண்ட் ரிமூவரை எழுத்தில்லாத மூலையில் பரீட்சித்துவிட்டு, மூங்கில் சீவலாலும் நைலான் தூரிகையாலும் எடுங்க. வெள்ளைச் சுண்ணாம்பு என்றால் தண்ணீரும் மூங்கிலும் போதும். எழுத்துக்குள் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தேய்க்க வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தால் பள்ளங்கள் தானாகத் தெரியும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி மையால் எழுத்தை நகலெடுக்கும் மைப்படி எடுக்கப் பழகினவர்களைக் கூப்பிடுங்க.

கல்லில் குழிகள் இருந்தால் சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீங்க. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவல்தாவளம் என்ற ஊருக்குக் காதம் (பழைய தூர அளவு) 29 என்று எழுதி, கீழே 2 பெரிய குழியும் 9 சிறிய குழியும் போட்டிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் தூரத்தை எண்ணிக்கொள்ள அந்தக் குழிகள்.

நகர்த்தியே ஆக வேண்டுமென்றால்: முதலில் நாலு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம், தரைக்கு மேல் உயரம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்ற குறிப்பு. அடையாள எண்ணைப் பெயிண்டால் எழுதாமல் அட்டையில் எழுதிச் சணலில் கட்டுங்க. 6 அடி நீளம், 1 அடி அகலம், முக்கால் அடி கனமுள்ள மேல்கல் சுமார் 340 கிலோ இருக்கும். ஆள் தோள் கொடுத்துத் தூக்கும் வேலையில்லை. ஜேசிபி வாளியால் நெம்பினால் பல் பட்டுத் தெறிக்கும். முக்காலி நட்டு, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் நைலான் பெல்ட் போட்டு, இரு முனையிலிருந்தும் ஒன்றேகால் அடி உள்ளே தள்ளிப் பிடியுங்க. நடுவில் மட்டும் கட்டினால் பழைய விரிசல் வழியே இரண்டாகும். தூண் தலையில் குடுமியும் (துருத்திய முளை) மேல்கல்லில் அது பொருந்தும் குழியும் இருக்கலாம், அதனால் நேர் மேலே தூக்கிய பிறகுதான் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். தூணைச் சுற்றிக் கையால் தோண்டி, அடி எவ்வளவு ஆழம் என்று அளந்து, புதுக் குழியில் அதே ஆழம் இறக்குங்க. அரையடி அரையடி அடுக்காகக் கல்லும் கிராவலும் போட்டு இடித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் தூக்குக்குண்டு பாருங்க. கல்லைச் சுற்றி கான்கிரீட் ஊற்றினால் அடுத்த முறை எடுக்கும்போது உடையும்.

நத்தம்:
கல்லைத் தொடும் முன் காகிதம். வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேடும் (நிலம் யாருடையது என்ற கிராமக் கணக்கு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) பார்த்துச் சாவடி நத்தம் புறம்போக்கா (ஊர்க் குடியிருப்புப் பகுதி அரசு நிலம்), நெடுஞ்சாலை இடமா என்று தெரிந்துகொள்ளுங்க. தொல்லியல் சட்டம் காப்பது அரசு அறிவித்த சின்னங்களை மட்டும்தான். 1966-ன் மாநிலச் சட்டமும் அப்படி, மத்தியச் சட்டமும் அப்படி. மத்தியச் சட்டத்தின் 2010 திருத்தத்தில் வந்த, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடத் தடையும் அதற்கு வெளியே 200 மீட்டர் கட்டுப்பாடும் உங்க சாவடிக்குப் பொருந்தாது. ஆகவே கிராம சபைத் தீர்மானம்தான் உங்க கையில் இருக்கும் பிடி. கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இவற்றில் அடுத்து வருவதற்குள் தயாராகுங்க. அளவு, படம், எழுத்தின் நகல் மூன்றையும் தீர்மானத்தோடு சேர்த்து நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கும் தொல்லியல் துறைக்கும் கலெக்டருக்கும் கொடுங்க. டெண்டருக்கு முன்பே மதிப்பீட்டில் "சுமைதாங்கி இடமாற்றம்" என்று ஒரு செலவு இனம் சேர்ந்தால்தான் ஒப்பந்ததாரர் காசு போட்டுச் செய்வார். ரோடு மட்டத்துக்கு, பழைய தார் அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் சொன்னதையும் மனுவில் காட்டுங்க.

ஊர்ச்சாவடி:
ரொம்ப நன்றிங்க அண்ணா. சுமைதாங்கியைக் கோயில் மதிலுக்குள்ள வச்சுட்டா பத்திரம்னு பெரியவங்க சொல்றாங்க. அது சரிங்களா?

கல்லெழுத்து:
வேண்டாம் தம்பி. மதிலுக்குள் போனால் மஞ்சள் பூசுவார்கள், எண்ணெய் ஊற்றுவார்கள், அடுத்த கும்பாபிஷேகத்தில் மறுபடி பெயிண்ட் ஏறும். வழியில் போகிறவன் பாரத்தை இறக்கி வைக்க நட்ட கல் அது, வழியோரத்தில்தான் நிற்க வேண்டும். புது எல்லைக் கோட்டுக்கு வெளியே, அதே ரோட்டில், அதே திசை பார்த்து, சாவடிக்குப் பக்கத்திலேயே நடுங்க. மேல்கல் தரையிலிருந்து பழைய உயரத்திலேயே நிற்கட்டும். தலைச்சுமையோடு வருகிறவன் குனியாமல் இறக்கி வைக்கிற உயரம் அது. வண்டி மோதாமல் இருக்க, கல்லிலிருந்து மூன்றடி தள்ளி இரண்டு குத்துக்கல் போதும்.

காரைக்கட்டு:
நடும் இடத்தில் சாவடிக் கூரைத் தண்ணி விழாமல் பார்த்துக்கங்க. தாழ்வாரத்திலிருந்து நாலடியாவது தள்ளி இருக்கட்டும்.