டோங்கா விருந்துக்கும் ஆட்டத்துக்கும் நாலு பேரா போறோம், என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

பாளைப்பயணி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில இருந்து கூட்டாளிங்க நாலு பேர் ஆக்லாந்து வழியா, பசிபிக் கடல்ல இருக்குற தீவு நாடான டோங்காவுக்குப் போறோம். தலைநகர் நுகுஅலோஃபா இருக்குற டோங்காடாப்பு தீவுலதான் தங்கல். ராத்திரி விருந்தும் ஆட்டமும் சேந்த நிகழ்ச்சி ஒண்ணு பாக்கணும். மூணு சந்தேகம். ஒருத்தன் சுத்த சைவம், அவனுக்கு அங்க என்ன கிடைக்கும்? ஆடுறவங்க மேல பணத்தை ஒட்டுவாங்களாமே, நம்ம கரகாட்டத்துல நோட்டு குத்துற கதைதானா? வேட்டி கட்டிட்டுப் போலாமா?

ஓலைக்கொட்டான்:
சாப்பாட்டை நான் சொல்லுதேன் தம்பி. அங்க சமையலே குழிக்குள்ளதான், 'உமு'ன்னு பேரு. குழியில விறகைப் போட்டு எரிச்சு, கல்லு நல்லாக் காஞ்சதும் கொள்ளியை ஒதுக்கிட்டு, கிழங்கையும் இலைப் பொட்டலத்தையும் அடுக்கி, வாழையிலை, சாக்கு, மேல மண்ணுன்னு மூடிருவாங்க. ரெண்டு மணி நேரம் போல உள்ள கிடக்கும். நம்ம ஓலைக் கொழுக்கட்டையில ஓலை மணம் ஏறுத மாதிரி இதுல இலை மணமும் புகையும் ஏறும். இப்ப நிறைய இடத்துல வாழையிலைக்குப் பதிலா அலுமினியத் தாளு வந்துட்டு, மணம் பாதி போச்சு.

உங்க சைவக்காரர் கேட்டு வாங்க வேண்டியது 'லூ'. சேம்பு இலை நாலஞ்சை ஒண்ணு மேல ஒண்ணா உள்ளங்கையில விரிச்சு, நடுவுல வெங்காயமும் கெட்டித் தேங்காய்ப்பாலும் வச்சு மடிச்சுக் கட்டுறது. வழக்கமா உள்ள டின் மாட்டுக்கறி போடுவாங்க, அது லூ புலு. ஆட்டுக்கறி வச்சா லூ சிபி. கறி இல்லாமலும் கட்டித் தருவாங்க, ஆனா இடம் பதிவு பண்ணும்போதே சொல்லிரணும். அங்க போய் உக்காந்த பிறகு கேட்டா குழியை மூடி ரொம்ப நேரம் ஆயிருக்கும். இன்னொண்ணு, கிழங்கும் கறியும் ஒரே குழியிலதான் வேகும். மேல இருக்குற கறியில இருந்து கொழுப்பு கீழ வடியும். அதனால "கறி வேண்டாம்"னு மட்டும் சொல்லாம, "என் பொட்டலத்தைத் தனியாச் சுத்தி ஓரமா வைங்க"ன்னு சொல்லச் சொல்லுங்க. அதுவும் ஒத்துவராத ஆளுன்னா பழத்தோட எழுந்திரிக்க வேண்டியதுதான்.

சேம்பு இலை அரைவேக்காடா இருந்தா தொண்டை அரிக்கும். இலையில ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கு. நம்ம வீட்டுல புளி விட்டு அடக்குவோம், அங்க நீண்ட வேக்காடும் தேங்காய்ப்பாலும்தான். இலை கரும்பச்சையாக் குழைஞ்சிருந்தா சாப்பிடலாம். விறைப்பா இருந்தா ஒதுக்கிருங்க.

பெருவள்ளிக்கிழங்கு, சேம்பு, சீனிக்கிழங்கு, மரச்சீனி, ஈரப்பலா எல்லாம் வேகவச்சபடியே வரும், காரம் கிடையாது. நம்ம நாக்குக்கு ஊறுகாய் தேடும்! 'ஃபாய்காகாய்'ன்னு மாவு உருண்டையைத் தேங்காய்ப்பால் சர்க்கரைப் பாகுல போட்டுத் தருவாங்க, அதை விடாதீங்க. 'ஓட்டா இகா' பச்சை மீனை எலுமிச்சைச் சாறுலயும் தேங்காய்ப்பால்லயும் ஊறவச்சது. எலுமிச்சை மீனை வெள்ளையாக்கும், ஆனா கிருமியைக் கொல்லாது. குளிரவச்சிருந்தா மட்டும் தொடுங்க.

ஜெபம் முடியுற வரைக்கும் கை வைக்கக் கூடாது. உணவைத் தென்னோலை பின்னின நீளத் தட்டுல குவிச்சு வச்சிருப்பாங்க, அந்தத் தட்டுக்கு 'போலா'ன்னு பேரு. தின்னு தீக்கவே முடியாத அளவு வைக்கிறதுதான் அங்க மரியாதை. மீதி வீடுகளுக்குப் போகும், வீணாக்குறோமேன்னு மலைக்காதீங்க.

மகுடம்:
நோட்டு விஷயத்துல கரகாட்டத்தை மனசுல வச்சுட்டுப் போகாதீங்க வே, அங்கதான் நம்ம ஆளுங்க தப்பு பண்ணுவாங்க. அதுக்குப் பேரு 'ஃபாகபாலே'. தாவுஒலுங்காங்கிற ஆட்டத்தை ஒரு பொண்ணு தனியா ஆடுறப்ப, உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் மினுமினுக்கும். நோட்டைத் தோளுலயோ கையிலயோ வச்சு லேசா அழுத்தினா ஒட்டிக்கும். துணிக்குள்ள செருகுறது, பக்கத்துல நின்னு சீண்டுறது, போட்டோவுக்கு நின்னு வழியை அடைக்கிறது எல்லாம் அவமரியாதை. உள்ளூர்ப் பொம்பளைங்களும் பாட்டிமாரும் எழுந்து வந்து ஒட்டுவாங்க, ரெண்டு பேர் போகட்டும், பிறகு போங்க. பணம் பெரும்பாலும் பள்ளிக்கூடம், சபை, குடும்பம்னு பொதுக் காரியத்துக்குப் போகும். அந்த ஊர்ப் பணம் பாங்கா, 2, 5 பாங்கா நோட்டா மாத்தி வச்சுக்கிடுங்க. கீழ விழுந்ததை எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டாம், பொறுக்க ஆள் இருக்கும்.

அவளுக்குப் பின்னால சிலபேர் கோமாளித்தனமாக் குதிச்சா குடிச்சிருக்காங்கன்னு நினைக்காதீங்க. அவளோட நளினம் எடுப்பாத் தெரியத்தான் அது. அவ முழங்கால் சேந்தே இருக்கும், கைதான் பேசும்.

லகலகா வந்தா அமைதியா இருங்க. ஆணும் பெண்ணும் வரிசையா நின்னு பாட்டோட ஆடுறது, 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது. பாட்டு, மெட்டு, அசைவு மூணையும் ஒரே ஆளு கட்டுவாரு, அவரைப் 'புநாகே'ன்னு சொல்வாங்க. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை உணர்த்துற 'ஹெலியாகி' அவங்க பாட்டுக்கு உயிர். நம்ம உள்ளுறை உவமம் மாதிரின்னு வைங்களேன். பூப் பேரு வந்தா அது பெரும்பாலும் ஒரு ஆளையோ குடும்பத்தையோ சொல்லும். கைலாவோ வேற, ஆம்பளைங்க தடியைச் சுழட்டுற போர் ஆட்டம், அதுக்குப் பாட்டே கிடையாது.

தாமிரபரணிக்கரை:
வேட்டி தாராளமா. அங்க ஆம்பளைங்க கட்டுற துபேனுவும் இடுப்புல சுத்துற துணிதான். மடிச்சுக் கட்டாதீங்க, சட்டை கட்டாயம். சட்டையில்லாம வெளிய நடக்கிறது அங்க சட்டப்படியே குத்தம். இடுப்புல பாய் மாதிரி ஒண்ணைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்க, அது தாஓவாலா, மரியாதை உடை. கிழிஞ்சு பழசா இருந்தாலும் சிரிச்சிராதீங்க, பழசுக்குத்தான் மதிப்பு.

நாள் பாத்துப் போங்க. ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள்னு 1875 அரசியலமைப்புலயே இருக்கு. கடை, விமானம், ஆட்டம் எதுவும் ஓடாது. விருந்து நிகழ்ச்சியும் வாரத்துல ஒண்ணு ரெண்டு ராத்திரிதான். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி மேற்குக் கடற்கரை விடுதிக்குப் போகாதீங்க, 2022 ஜனவரி எரிமலைச் சுனாமியில அந்தப் பக்கம் பல விடுதி போயிட்டு. கூப்பிட்டுக் கேட்டு, வண்டியும் சேந்த விலையான்னு உறுதி பண்ணிக்கிடுங்க.

பாளைப்பயணி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. காவான்னு ஒண்ணு குடிக்கத் தருவாங்களாமே, நம்ம கள்ளு மாதிரியா?

தாமிரபரணிக்கரை:
கள்ளு இல்ல, புளிக்கவைக்கிறதே கிடையாது. மிளகு, வெத்தலை இனத்துச் செடியோட வேர். பொடியைப் பச்சத்தண்ணியில பிசைஞ்சு வடிச்சு, சிரட்டையில ஊத்தித் தருவாங்க. மண்ணு கரைச்ச தண்ணி மாதிரி இருக்கும், நாக்கு மரத்துப்போகும். ஒரே மூச்சுல குடிச்சுட்டுச் சிரட்டையைத் திருப்பிக் குடுங்க. ரெண்டு சிரட்டையோட நிறுத்திக்கிடுங்க, நாலாவதுக்கு மேல வயித்தைப் பொரட்டும், ஆட்டம் தொடங்கும்போது தூக்கம் சொக்கும். சாராயத்தோட கலக்கவே கூடாது. ஈரல் கோளாறு உள்ளவங்களும் தூக்க மாத்திரை போடுறவங்களும் தொட வேண்டாம். வண்டி ஓட்டுறவரு அன்னைக்கு இளநியோட இருக்கட்டும்.