குழாய்த் தடிமன் ஆய்வில் மனிதப் பிழை: இரண்டாவது ஆய்வாளர் போதுமா?

ஆலைப்பணி:
எங்கள் ஆலையில் குழாய்களின் சுவர்த் தடிமனை ஆண்டு ஷட்டவுனின்போது, ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தடிமனைக் காட்டும் அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கிறோம். பழைய பதிவேடுகளை ஒப்பிட்டபோது, அரிப்பு அதிகமுள்ள ஓர் எல்போவில் (குழாய் வளைவில்) மூன்று ஆண்டுகளாக 7.1 மி.மீ. என்றே எழுதியிருப்பதைக் கண்டேன். அதை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாவது ஆய்வாளரை வைத்துச் சரிபார்த்தால் போதும் என்கிறது நிர்வாகம். அதனால் பயன் உண்டா?

மீயொலி:
இரண்டாமவர் கையிலும் போன ஆண்டின் அளவுகள் எழுதிய பழைய தாளே இருந்தால் பயனில்லை. திரையில் எண் நிலைகொள்ளாமல் மாறும்போது, போன ஆண்டின் அளவுக்குப் பக்கத்தில் வருவதையே மனம் ஏற்றுக்கொள்ளும். கருவியின் பிழைகளும் இதற்குத் துணைபோகின்றன. ப்ரோப் (குழாயில் வைக்கும் உணர்முனை) அளக்கக்கூடிய கீழ்வரம்பைவிடச் சுவர் மெலிந்துவிட்டால், கருவி முதல் எதிரொலியை விட்டு இரண்டாவதைப் பிடித்து, உள்ள தடிமனை இரு மடங்காகக் காட்டக்கூடும். ஒரே எதிரொலி திரும்பும் நேரத்தை மட்டும் கணக்கிடும் ஒற்றை எதிரொலி முறையில் பெயிண்டும் இரும்பாகவே கணக்கில் சேரும். குழாய் சூடாக இருந்தால் ஒலி மெதுவாகச் செல்வதால், அளவு மேலும் கூடும். மூன்றும் குழாயைத் தடிமனாகக் காட்டுபவை. நிம்மதி தரும் எண்ணை யாரும் மறுமுறை அளப்பதில்லை. ஆகவே எண்ணோடு, திரையில் எதிரொலிகளைக் காட்டும் அலைவடிவத்தையும் சேமிக்கச் சொல்லுங்கள்.

துருப்பிடிப்பு:
எண் சரியாக இருந்தும் ஆய்வு பொய்த்துப்போகலாம். கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் உள்ள செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் 2012 ஆகஸ்ட் 6 அன்று உடைந்த 8 அங்குலக் குழாயில் அதுதான் நடந்தது. அளவுப் புள்ளிகள் பெரும்பாலும் எல்போக்களிலும் இணைப்புகளிலும் இருந்தன. கந்தக அரிப்போ, சிலிக்கான் குறைவாக இருந்த 52 அங்குல நேர்த்துண்டைத் தின்றுகொண்டிருந்தது. உடையும்போது அதன் சுவரில் ஏறத்தாழ 90 விழுக்காடு போயிருந்தது. தீயின் புகையால் சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி நாடினர். எனவே உங்கள் எல்போவைச் சந்தேகிக்கும் முன், அதையடுத்த நேர்க்குழாயில் ஒரு புள்ளியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையகை:
இரண்டாவது ஆள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முதலாமவர் எழுதிய அளவைப் பார்த்த பிறகு இரண்டாமவர் அளக்கக் கூடாது, அவ்வளவுதான். "அடுத்தவர் பார்த்துக்கொள்வார்" என்று முதலாமவரும், "முன்னவர் பார்த்துவிட்டார்" என்று இரண்டாமவரும் நினைத்தால், இருவர் இருந்தும் ஆய்வு அரை ஆளின் வேலையாகிவிடும். புள்ளிகள் மட்டும் குறித்த வெற்றுத் தாளை இருவருக்கும் தனித்தனியே கொடுத்து, பழைய அளவோடு ஒப்பிடும் வேலையை அலுவலகத்தில் மூன்றாமவரிடம் விடுங்கள். இன்னொன்று: ஒப்பந்தத்தில் கூலி புள்ளிக் கணக்கில் இருக்கிறதா? இருந்தால், சாரத்தில் ஏறி, இன்சுலேஷனைப் பிரித்து அளக்கவேண்டிய புள்ளியும் தரையில் நின்றே அளக்கும் புள்ளியும் ஒரே விலைதான். முதலில் அதை மாற்றுங்கள்.